விழிப்புணர்வு போஸ்டர் என்றாலே சங்கிலியும் மண்டை ஓடும்தானா? மாணவர்களுக்கு வரைகலை வழியே சமூக ஊடகப் பொறுப்பைச் சொல்லித்தருவது பற்றி

கோடும்கட்டமும் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு வரைகலை எடுக்கிறேன். இந்தப் பருவத்துக்கான செயல்திட்டம், "சமூக ஊடகத்தைப் பொறுப்போடு பயன்படுத்துவோம்" என்று ஆளுக்கொரு போஸ்டர்.

வந்து குவிந்ததில் பெரும்பாலானவை ஒரே அச்சு. கறுப்புப் பின்னணி, நடுவில் கைபேசி, அதிலிருந்து ஒரு சங்கிலி, சங்கிலியில் கட்டுண்ட பையன். மேலே ரத்தம் வடிகிற எழுத்தில் "அடிமையாகாதே!" கீழே யார் சொன்னது என்றே தெரியாத ஒரு பொன்மொழி. வரைந்த பிள்ளையே அதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கிறது.

கைவேலையில் குறையே இல்லை. நிழல், ஆழம், வண்ணம் எல்லாம் பிரமாதம். ஆனால் இந்தப் போஸ்டரைப் பார்த்து யார் எதை மாற்றிக்கொள்ளப் போகிறார்கள்? மதிப்பெண் போட்டு முடித்துவிடலாம், மனசு ஒப்பவில்லை. பாடத்தையே வேறு மாதிரி அமைக்க நினைக்கிறேன். தொழிலில் இருப்பவர்கள், வகுப்பெடுப்பவர்கள் சொல்லுங்கள்.

பென்சில்முனை

பிள்ளைகள் மேல தப்பு இல்லைங்க. நீங்க கொடுத்த பிரீஃப், அதாவது வேலைக்கான குறிப்பு, அப்படி. "பொறுப்பு"ங்கிறதை யாராலயும் வரைய முடியாது. வரைய முடியாததைக் கேட்டா உலகம் முழுக்க எல்லாரும் பழகின சின்னத்துக்குத்தான் போவாங்க. சங்கிலி, சிலந்தி வலை, மூளைக்குள்ள ஆப் ஐகான்.

கம்பெனியில ஒரு வேலை வந்தா நாங்க முதல்ல கேக்கிறது மூணுதான். யார் பார்க்கப் போறாங்க, எந்த நேரத்துல பார்ப்பாங்க, பார்த்ததும் என்ன செய்யணும். மூணாவதுக்கு பதில் ஒரு வினைச்சொல்லா இருக்கணும். "விழிப்புணர்வு பெறணும்" வினை இல்லை. "குரூப் போட்டோ போடுறதுக்கு முன்னாடி அதுல இருக்கிறவங்ககிட்ட கேக்கணும்", இது வினை.

இந்த ஒரு வரியை எடுத்து யோசிச்சுப் பாருங்க. பஸ்ஸில வாயைப் பிளந்து தூங்குற நண்பனோட படம். அதுக்கு மேல வழக்கமான பகிர்வு பட்டன். பட்டனுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு வரி: "இவன் எழுந்ததும் சிரிப்பானா?" முடிஞ்சுது. ரத்தமும் வேண்டாம், சங்கிலியும் வேண்டாம். பார்க்கிறவனுக்கு அவனோட நண்பன் முகம் ஞாபகம் வந்துடும்.

முதல் வகுப்புல கம்ப்யூட்டரைத் திறக்கவே விடாதீங்க. தீப்பெட்டி அளவுக்குக் கட்டம் கட்டமா பென்சில்ல போடச் சொல்லுங்க. முதல் நாலஞ்சு கட்டத்துல சங்கிலி வந்தே தீரும், வரட்டும். அது தீர்ந்ததுக்கு அப்புறம் வர்றதுதான் அவங்களோடது.

உளவியல்வாசகி

பயமுறுத்தும் போஸ்டர் ஏன் எடுபடாது என்பதற்கு ஆய்வுப் பின்புலம் இருக்கிறது. தொடர்பாடல் ஆய்வாளர் கிம் விட்டே 1992இல் முன்வைத்த கோட்பாடு இதைத்தான் பேசுகிறது. ஆபத்தைப் பெரிதாகக் காட்டிவிட்டு, "இதிலிருந்து மீள உன்னால் இன்னது செய்ய முடியும்" என்பதைக் காட்டாமல் விட்டால், பார்ப்பவர் ஆபத்தைச் சமாளிப்பதில்லை. தன் பயத்தைச் சமாளிக்கிறார். அதாவது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், அல்லது கிண்டலடிக்கிறார்.

இன்னொன்று இதைவிட முக்கியம். "எல்லோரும் பொய்ச் செய்தி பரப்புகிறார்கள்", "இன்றைய இளைஞர்கள் கைபேசியே கதி என்று கிடக்கிறார்கள்" போன்ற வரிகளைப் பிள்ளைகள் விரும்பி எழுதுவார்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் கல்மரங்கள் நிறைந்த ஒரு தேசியப் பூங்கா உண்டு. வருகிறவர்கள் கல்லாகிப்போன மரத்துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். உளவியலாளர் ராபர்ட் சியால்டினி குழுவினர் அங்கே வெவ்வேறு வாசகங்களை வைத்துப் பார்த்தார்கள். "முன்பு வந்த பலர் எடுத்துச் சென்றுவிட்டார்கள், பூங்காவின் தன்மையே மாறிவிட்டது" என்ற பலகை இருந்தபோது, பாதையில் அடையாளமிட்டு வைத்திருந்த துண்டுகளில் ஏறத்தாழ 8 விழுக்காடு காணாமல் போயின. "தயவுசெய்து எடுக்காதீர்கள்" என்று நேராகச் சொன்ன பலகைக்கு 2 விழுக்காடு கூட இல்லை. "எல்லோரும் செய்கிறார்கள்" என்று சொல்லும்போதே, அது சாதாரண விஷயம் என்றும் சொல்லிவிடுகிறோம்.

பணம் கொட்டினாலும் இதற்குத் தப்ப முடியாது. அமெரிக்காவில் 1998 முதல் 2004 வரை இளைஞர்களுக்கான போதை எதிர்ப்பு விளம்பர இயக்கத்துக்கு ஏறத்தாழ 100 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2008இல் வெளியான மதிப்பீட்டில், கஞ்சாப் பழக்கம் குறைந்ததற்கான சான்று கிடைக்கவில்லை. சில இடங்களில் எதிர்விளைவின் அறிகுறிதான் தெரிந்தது.

பின்பெஞ்சு

நான் ஸ்டூடண்ட்தான், பேசலாமா? எங்க கிளாஸ்ல அந்தச் சங்கிலி போஸ்டர் இருக்கு. அதுக்குக் கீழ உக்காந்துதான் ரீல்ஸ் பாப்போம்.

சீரியஸா சொல்றேன். எங்களைத் திட்டுற மாதிரி இருக்கிற எதையும் நாங்க படிக்க மாட்டோம். அது போஸ்டர்னு கண்ணுக்குத் தெரிஞ்ச உடனே மூளை "பெரியவங்க பேசுறாங்க"ன்னு ஸ்கிப் பண்ணிடும். பென்சில்முனை அண்ணா சொன்ன பஸ் போட்டோ ஐடியா செம. அது எங்க குரூப்ல நடக்கிற விஷயம்.

இன்னொரு டவுட். பொய்யான ஃபார்வர்டு எல்லாம் எங்க கிளாஸ் குரூப்ல வர்றதில்ல. எங்க ஃபேமிலி குரூப்லதான் வருது. அப்புறம் ஏன் எல்லா போஸ்டரும் எங்களையே பாத்து விரலை நீட்டுது?

சந்தேகப்பேர்வழி

தம்பி கேட்டதுதான் சரியான கேள்வி. அதை இன்னும் ஒரு படி மேலே கொண்டு போகிறேன்.

முடிவே இல்லாமல் உருண்டுகொண்டிருக்கும் பக்கத்தை வடிவமைத்தது பதின்மூன்று வயதுப் பிள்ளையா? சிவப்புப் புள்ளியை ஐகான் மூலையில் ஒட்டியது அதுவா? ஒரு வீடியோ முடிவதற்குள் அடுத்ததைத் தானாக ஓட்டுவது யார்? நல்ல சம்பளத்துக்கு உட்கார்ந்து, கண் எங்கே போகும், விரல் எங்கே நிற்கும் என்று அளந்து செய்த வேலை இது. அதைச் செய்தவர்களும் வரைகலைஞர்கள்தான். அவர்களை விட்டுவிட்டு, "நீ பொறுப்பாக இரு" என்று பிள்ளையிடம் போஸ்டர் வரையச் சொல்வது அநியாயமாக இல்லையா? "பொறுப்பான பயன்பாடு" என்ற பேச்சே நிறுவனங்களுக்கு ரொம்ப வசதியான பேச்சு. பழியெல்லாம் பயனர் தலையில் விழும்.

இந்தச் செயல்திட்டத்தையே தூக்கிப் போடுங்கள் என்பதுதான் என் கருத்து.

கோடும்கட்டமும்

> இந்தச் செயல்திட்டத்தையே தூக்கிப் போடுங்கள்

தூக்கிப் போட மாட்டேன் ஐயா, ஆனால் நீங்கள் சொன்னதை அப்படியே பாடத்துக்குள் எடுத்துக்கொள்கிறேன். போஸ்டருக்கு முன்னால் ஒரு "அறுவை" வகுப்பு வைக்கலாம் என்று தோன்றுகிறது. பிள்ளைகள் தினமும் திறக்கும் ஒரு செயலியின் திரையை, கைபேசியைப் பார்க்காமல் ஞாபகத்திலிருந்து தாளில் வரையச் சொல்வது. எது முதலில் நினைவுக்கு வருகிறது, எது மறந்துபோகிறது என்பதே பாதிப் பாடம். பிறகு ஒவ்வொரு உறுப்புக்கும் பக்கத்தில், "இது எனக்காக இருக்கிறதா, என்னை இருக்க வைப்பதற்காக இருக்கிறதா" என்று எழுத வேண்டும்.

சொல்வதற்குக் கதையும் இருக்கிறது. முடிவில்லா உருட்டலை 2006இல் உருவாக்கிய அசா ராஸ்கின் பின்னாளில் அதற்காக வெளிப்படையாகவே வருந்தியவர். இன்ஸ்டாகிராம் 2018இல் "புதியவை எல்லாவற்றையும் பார்த்துவிட்டீர்கள்" என்று ஒரு நிறுத்தக் கோடு போட்டது. 2021இல் லைக் எண்ணிக்கையை மறைத்துக்கொள்ளும் வசதி வந்தது. ஆக, வடிவமைப்பை மாற்ற முடியும் என்பதற்கு அவர்களே சாட்சி.

அடுத்த பயிற்சி: அதே திரையில் ஒரு நிறுத்தத்தை நீயே வடிவமை. எங்கே வைப்பாய்? அங்கே என்ன எழுதுவாய்? அது எரிச்சலூட்டாமல் இருக்க என்ன செய்வாய்?

சந்தேகப்பேர்வழி

இது பரவாயில்லை. போஸ்டரை நிறுவனத்தை நோக்கியும் வரையலாம் என்று ஒரு வாய்ப்புக் கொடுங்கள். 1964இல் பிரிட்டன் வரைகலைஞர் கென் கார்லாண்டும் இன்னும் 21 பேரும் கையெழுத்திட்டு ஓர் அறிக்கை விட்டார்கள். தங்கள் திறமை எல்லாம் விளம்பரத்துக்கே செலவாகிறது, அதைவிடப் பயனுள்ள வேலைகள் இருக்கின்றன என்பதுதான் சாரம். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லுங்கள். தொழிலுக்கு வரும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

எழுத்துருப்பித்தன்

கருத்தெல்லாம் நல்லா இருக்கு. ஆனா படிக்க முடியாத போஸ்டர்ல எந்தக் கருத்து இருந்து என்ன பயன்? தமிழ்ல செய்யும்போது நான் தினமும் பார்க்கிற கொடுமைகளைச் சொல்லிடறேன், வகுப்புல உதவும்.

முதல் கொடுமை, உடைஞ்ச எழுத்து. "பொறுப்பு"ன்னு அடிச்சா கொம்பும் காலும் தனித்தனியா பிரிஞ்சு, நடுவுல புள்ளி வட்டத்தோட நிக்கும். பிள்ளைகள் அதைக் கவனிக்காமலே அச்சுக்கு அனுப்பிடுவாங்க. பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகள்ல எழுத்து சம்பந்தமான விருப்பத்தேர்வுக்குப் போய் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பை எடுத்தா சரியாகிடும். ஊருக்கு ஒரு விசைப்பலகைன்னு இருந்த பழைய எழுத்துருக்களைத் தொடவே விடாதீங்க, யூனிகோட் மட்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை, பவனம் எல்லாம் இலவசமாவே கிடைக்குது.

ரெண்டாவது, எழுத்து இடைவெளி. ஆங்கில போஸ்டரைப் பார்த்து தமிழ்லயும் எழுத்துகளை விலக்கி வைப்பாங்க. "கை"யில இருந்து ஐகாரக் கொம்பு தனியா நடந்து போயிடும். நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்துங்கிற பேதம் கிடையாது. அழுத்தம் வேணும்னா தடிமன், அளவு, வண்ணம் இந்த மூணுலதான் விளையாடணும். சாய்ச்சு எழுதினா அழுத்தம் வராது, விழப்போற மாதிரிதான் இருக்கும்.

வரி இடைவெளியைத் தாராளமா விடுங்க. மேல "கீ" சுழியும் கீழ "ஞ", "மு" வாலும் மோதிக்கிட்டா வரி அடைஞ்சு போயிடும்.

கறுப்பு மேல அடர் சிவப்புங்கிற மோகத்தை எப்படியாவது ஒழிங்க. வலைப்பக்க அணுகல்தன்மை வழிகாட்டி சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1னு எழுத்துக்கும் பின்னணிக்கும் நடுவுல வெளிச்ச மாறுபாடு கேட்குது. இதை அளக்க இலவசக் கருவிகள் இருக்கு. நிறத்தைச் சொட்டுக்குழாயில எடுத்துப் போட்டா எண் வந்துடும். ரத்தச் சிவப்பு பெரும்பாலும் ஃபெயில்தான். பையன் "எனக்கு நல்லாத்தான் தெரியுது சார்"னா, திரை வெளிச்சத்தைக் குறைச்சு வெயில்ல நின்னு பார்க்கச் சொல்லுங்க.

நூலகமேசை

ஒரு எச்சரிக்கை. "இது பொய்ச் செய்தி" என்று காட்டும் போஸ்டர்களில் ஒரு பொறி இருக்கிறது. பிள்ளைகள் போலிச் செய்தியை அப்படியே பெரிதாகப் போட்டு, ஓரத்தில் சின்னதாகச் சிவப்புப் பெருக்கல் குறி வைப்பார்கள். யாராவது அந்த ஓரத்தை வெட்டிவிட்டால்? போலி மறுபடியும் புறப்பட்டுவிடும், இந்த முறை நல்ல வடிவமைப்போடு!

அதனால் என் விதிகள் கறார். உண்மை எதுவோ அதுதான் தலைப்பு. போலியைக் காட்டியே ஆக வேண்டும் என்றால் சின்னதாக, அதன் நடுவிலேயே குறுக்காக முத்திரை போட்டு, எந்தப் பக்கம் வெட்டினாலும் முத்திரை போகாதபடி வைக்க வேண்டும். எப்படி ஏமாற்றுகிறது என்பதை ஒரு வரியில் சொல்ல வேண்டும். பழைய படம், வேறு ஊர்ப் படம், வெட்டி ஒட்டிய வாசகம் என்று எதுவோ அது. முடிவில் உண்மை மறுபடி ஒருமுறை.

எந்த நொடியைக் குறிவைப்பது என்பதற்கும் ஆய்வு கைகொடுக்கும். 2018இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு, ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திச் சங்கிலிகளை ஆராய்ந்தது. பொய்தான் மெய்யைவிட வேகமாகவும் தொலைவாகவும் போயிருந்தது. தானியங்கிக் கணக்குகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அதே நிலை. பொய்க்கு வந்த மறுமொழிகளில் வியப்பும் அருவருப்பும் தூக்கலாக இருந்தன. ஆகவே "ஐயோ, அப்படியா!" என்று வாய் திறக்கும் நொடிதான் நம் இலக்கு. "யோசி" என்று அதட்டுவதைவிட ஒரு கேள்வி மேல். 2021இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வில், ஒரே ஒரு தலைப்பு உண்மையா என்று முன்கூட்டிக் கேட்டதே, அதன் பின் மக்கள் பகிர்ந்தவற்றின் தரத்தைக் கொஞ்சம் உயர்த்தியது. பெரிய மாற்றம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அளக்கக்கூடிய மாற்றம்.

அப்புறம், படத்தை இணையத்தில் தேடி எடுத்து ஒட்டிவிட்டுப் பொறுப்பைப் பற்றிப் போஸ்டர் போடுவது வேடிக்கை. சொந்தமாக எடுத்த படம், சொந்தமாக வரைந்தது, அல்லது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (பிறர் பயன்படுத்த எடுத்தவரே அனுமதி கொடுத்து) இருப்பது. உரிமம் கேட்டால் எடுத்தவர் பெயரைப் போட வேண்டும். இதற்குத் தனி மதிப்பெண் வையுங்கள்.

பின்பெஞ்சு

நான் கேட்ட கேள்விக்கு யாருமே பதில் சொல்லல. ஃபேமிலி குரூப் பத்தி.

உளவியல்வாசகி

மன்னிக்கவும் தம்பி. உன் ஐயத்துக்கு ஆதாரமே இருக்கிறது. 2016 அமெரிக்கத் தேர்தல் காலத்து முகநூல் பகிர்வுகளை வைத்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. பொய்ச் செய்தித் தளங்களின் இணைப்புகளை, இளவயதினரைவிட 65 வயதைத் தாண்டியவர்கள் சராசரியாக ஏறத்தாழ ஏழு மடங்கு பகிர்ந்திருந்தார்கள். அதற்காகச் சின்னவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று நினைத்துவிடாதே. அதே 2016இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு பார்த்தபோது, நடுநிலைப்பள்ளி மாணவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேலானோர் "ஸ்பான்சர் செய்யப்பட்ட உள்ளடக்கம்" என்ற குறிப்போடு இருந்த விளம்பரத்தையே செய்தி என்று நம்பினார்கள்.

பின்பெஞ்சு

சரி சரி, ரெண்டு பக்கமும் அடி. ஆனா ஐடியா ஒண்ணு வந்துச்சு. தாத்தா தினமும் காலை வணக்கம் படம் அனுப்புவார். ரோஜாப்பூ, சூரியன், மினுக்குற எழுத்து. அந்த டிசைன்லயே நாங்க ஒண்ணு பண்ணா? அதே ரோஜா, அதே சூரியன். வாசகம் மட்டும் "காலை வணக்கம். இதை உங்களுக்கு அனுப்பியவருக்கு அனுப்பியது யார்?"

தாத்தா அதை எல்லாருக்கும் ஃபார்வர்டு பண்ணுவார், கேரண்டி.

பென்சில்முனை

😂 டேய் தம்பி, படிச்சு முடிச்சதும் வேலைக்கு வா.

சிரிப்புக்குச் சொல்லல. பார்க்கிறவங்களுக்கு ஏற்கெனவே பிடிச்ச வடிவத்துல போய் உக்காந்துக்கிறது சரியான வடிவமைப்பு முடிவு. "இது போஸ்டர்"னு தெரிஞ்சதும் ஸ்கிப் பண்றது நீங்க மட்டும் இல்லை, அவங்களும்தான்.

இருபிள்ளைதாய்

எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு வேண்டுகோள். பெரியவர்களை முட்டாளாக்கும் தொனி வந்துவிடக் கூடாது. அவர்கள் அக்கறையில்தான் அனுப்புகிறார்கள். மருந்து பற்றிய தவறான செய்தி வந்தாலும் "பேரனுக்குப் பயன்படட்டும்" என்ற நினைப்புதான். கேலி செய்தால் மனம் நொந்து பேச்சே நின்றுபோகும். "பாட்டி, சந்தேகமாக இருந்தால் முதலில் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்ற மாதிரி இருந்தால் உறவும் கெடாது.

ஆசிரியருக்கு இன்னொன்று. பிள்ளைகள் செய்த போஸ்டரை எங்கே வெளியிடப் போகிறீர்கள்? ஒவ்வொருவரையும் பொதுக் கணக்கு தொடங்கச் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெரும்பாலான தளங்களில் 13 வயது ஆகாமல் கணக்கே கூடாது. பிள்ளையின் முகம், முழுப்பெயர், பள்ளிச் சீருடைச் சின்னம் எல்லாம் ஒரே படத்தில் வந்தால், பாதுகாப்பு பற்றிய போஸ்டரே ஆபத்தாகிவிடும்.

கோடும்கட்டமும்

அம்மா, ரெண்டுமே கட்டாயம். வெளியீடு பள்ளிச் சுவரிலும், பெற்றோர் தங்கள் விருப்பப்படி பகிர்வதற்கான படமாகவும் மட்டுமே. பிள்ளைகளின் கணக்கில் எதுவும் இல்லை. கீழே "பத்தாம் வகுப்பு வரைகலைக் குழு" என்று மட்டும் இருக்கும். முகம் தேவைப்பட்டால் வரைந்த முகம்.

இங்கே பேசியதை வைத்து ஒரு மாணவியின் போஸ்டரை இருவருமாக மறுபடி செய்து பார்த்தோம். முதலில் அவள் வரைந்தது முகமூடி போட்ட ஹேக்கர், பின்னால் பச்சை எண்கள், "உன் தகவல் திருடப்படுகிறது!" பென்சில்முனை சொன்ன மூன்று கேள்விகளைக் கேட்டேன். யார்? "என் தோழிகள்." எப்போது? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தேர்வு முடிவு வந்த அன்று, மதிப்பெண் பட்டியலைப் படம் பிடித்துப் போடும்போது" என்றாள். என்ன செய்ய வேண்டும்? "மதிப்பெண்ணை மட்டும் காட்ட வேண்டும், மற்றதை மறைக்க வேண்டும்."

ஹேக்கர் அதோடு காலி. இப்போது போஸ்டரில் இருப்பது கற்பனையான ஒரு மதிப்பெண் பட்டியல். பெயர், பிறந்த தேதி, பதிவெண், பள்ளி எல்லாவற்றின் மேலும் தடித்த மஞ்சள் பட்டை. மதிப்பெண் மட்டும் பளிச்சென்று திறந்திருக்கிறது. வாசகம்: "சந்தோஷத்தைப் பகிர். விலாசத்தை இல்லை." விலாசம் அந்தப் பட்டியலில் இல்லையே என்று ஒரு பையன் மடக்கினான், நியாயம்தான், "பிறந்த தேதியை இல்லை" என்று மாற்றினாள். ஓசை கொஞ்சம் போய்விட்டது, ஆனால் சரியாகிவிட்டது. வெள்ளைத் தாள் மேல் மஞ்சள் எடுபடாது என்று பித்தன் சொல்வார் என்பதால், பட்டையைக் கருநீலமாக்கலாமா என்று இப்போது சண்டை நடக்கிறது.

மதிப்பீட்டையும் மாற்றினேன். லைக், பார்வை எதற்கும் மதிப்பெண் இல்லை. வேறு வகுப்புப் பிள்ளைக்கு ஐந்து விநாடி காட்டிவிட்டு மறைத்து, "என்ன செய்யச் சொல்கிறது?" என்று கேட்க வேண்டும். அந்தப் பதிலை வடிவமைத்தவர் அப்படியே எழுதிச் சமர்ப்பிக்க வேண்டும், திருத்தாமல். தவறான பதில் வந்தால் மதிப்பெண் குறையாது. அதைப் பார்த்து என்ன மாற்றினார்கள் என்பதற்குத்தான் மதிப்பெண்.

எழுத்துருப்பித்தன்

கருநீலம்தான். சண்டை முடிஞ்சுது.

பட்டையை ஒரு அடுக்கா (லேயர்) மேல வைச்சு, அந்தக் கோப்பை அப்படியே பகிர்ந்தா எவனாவது அடுக்கை நீக்கிப் பார்த்துடுவான். பிடிஎஃப்ல இது அடிக்கடி நடக்கிற கூத்து. மாணவிகிட்ட சொல்லிடுங்க, போஸ்டர்லயே கீழ ஒரு வரியா போட்டாலும் நல்லது.

பின்பெஞ்சு

அப்போ பட்டை வச்சதுக்கு அப்புறம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை மட்டும் போட்டா போதுமா அண்ணா?

எழுத்துருப்பித்தன்

போதும் தம்பி. ஸ்கிரீன்ஷாட்ல அடுக்கும் இருக்காது, கேமரா பதிச்சு வைக்கிற இடக்குறிப்பும் வராது. ஆனா ஒண்ணு, கைபேசியில இருக்கிற ஹைலைட்டர் பேனாவால தேய்ச்சா உள்ள இருக்கிற எழுத்து மங்கலா தெரியும், வெளிச்சத்தைக் கூட்டினா படிச்சிடலாம். முழுசா அடைக்கிற பேனா, இல்லேன்னா கட்டம். அதைத்தான் எடுக்கணும்.